தறியும் ஊரும் – 11: கஞ்சியும் கையும்

தேவிகாபுரத்தில் பாவு நீட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகள் விறைத்து நிற்கும். இரு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்ததைத் தேடிப் பிணைத்துக்கொண்டே நகர்வார்கள். அவர்கள் கண் எங்கேயோ இருக்கும். பேச்சு வேறெதையோ பற்றி நடக்கும். அறுந்த இழையை விரல் நுனிதான் கண்டுபிடிக்கும். நெசவாளியின் கண்பார்வை மங்கினாலும் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம், விரல் மரத்துப்போனால் அன்றோடு தறி நின்றுவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார். கைக்கோளர் என்ற பெயரே கையும் கோலும் சேர்ந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, தெருவில் நின்று பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

சென்ற வாரம் மான்செஸ்டர் துணி வந்து இறங்கிய கதையில் நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்து வந்தது பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன 1876–78 பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வயலிலிருந்து தொடங்குவார்கள். மழை பொய்த்தது, ஏரி வற்றியது, மாடு செத்தது. நெசவாளியின் பஞ்சம் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. விளைச்சல் குறையும் என்று தெரிந்தவுடனே உழவன் முதலில் நிறுத்தும் செலவு துணிச் செலவு. கல்யாணங்கள் தள்ளிப்போடப்பட்டன. கூறைப்புடவைக்கு ஆள் இல்லை. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொன்ன வணிகர் கையை விரித்தார். பருத்திப் பாவுக்கும் கஞ்சி போட்டாக வேண்டும். நெசவாளி வீட்டுக் கஞ்சி வயிற்றுக்கும் தறிக்குமாகப் பங்கு போடப்படுவது. அந்த ஆண்டில் இரண்டுக்குமே இல்லை. நெய்ய வேலை இல்லாதபோது, அடுப்பெரிய வேண்டி அடகுக்குப் போனவற்றில் தறிச் சாமான்களும் சேர்ந்துகொண்டன.

அரசாங்கம் உதவி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் சென்னை வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து, அதற்காகவே திட்டு வாங்கியவர் அவர். இம்முறை திட்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டே வந்ததுபோல் நடந்துகொண்டார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், பகல் முழுதும் உழைக்கிற உடம்பு இதில் தாங்காது என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். பின்னர் அளவைச் சற்றுக் கூட்டினார்கள், கொஞ்சம் பருப்பும் சேர்ந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். தென்னிந்தியா முழுவதும் சேர்த்து 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு.

கூலியின் அளவைப் பற்றி எழுதியவர்கள் வேலையின் தன்மையைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. சாலைக்கு ஜல்லி உடைக்கவும் ஏரியில் மண் சுமக்கவும் ஒரு நெசவாளியை அனுப்பினால் என்ன ஆகும்? உழவன் கை மண்வெட்டிக்குப் பழகியது. நெசவாளி கை பட்டு இழைக்குப் பழகியது. தோல் மெல்லியதாக இருந்தால்தான் இழை புரியும். மூன்று மாதம் சம்மட்டி பிடித்து, காய்த்து வெடித்த விரலோடு திரும்பினால், மழை பெய்து காலம் திரும்பினாலும் அவனுக்குத் தறி திரும்பாது. உயிரைக் காப்பாற்றி, பிழைப்பைப் பறித்துக்கொள்ளும் உதவி அது. சமைத்த கஞ்சி ஊற்றிய முகாம்களுக்குப் போகச் சாதி தடுத்தது என்பதும் உண்மை. அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பலர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்ததற்குச் சாதியோடு கையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1877 ஆகஸ்டில் சென்னையில் கூட்டம் போட்டு இங்கிலாந்துக்கு வேண்டுகோள் அனுப்பினார்கள். லண்டன் மேயரின் மாளிகைப் பெயரால் திரட்டிய அந்த நிதிக்கு 6 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. தேவாலயங்களில் தட்டு ஏந்தி வசூலித்த சில்லறையும் அதில் இருந்தது. கல் உடைக்கப் போக முடியாதவர்களுக்கும், பஞ்சத்துக்குப் பின் மீண்டும் தொழில் தொடங்க வேண்டியவர்களுக்கும் அந்தப் பணம் போனது: உழவனுக்கு விதையும் மாடும், நெசவாளிக்கு நூலும் தறியும். 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்த பிறகு உருவான விதிமுறைகளில், நெசவாளிகளுக்கு அவர்கள் தொழிலிலேயே நிவாரணம் கொடுப்பது ஒரு கொள்கையாக இடம் பிடித்தது. எழுதி வைத்தது எல்லாம் நடந்ததா என்பது வேறு கதை. நடந்திருந்தால் 1953-இல் அண்ணாவும் அவர் தம்பிமாரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றிருக்க வேண்டாம்; 2002 வாக்கில் நெசவாளர் ஊர்களில் ஒரு கட்சி கஞ்சித் தொட்டி திறந்ததும், இன்னொரு கட்சி போட்டிக்குப் பிரியாணி போட்டதும் நடந்திருக்க வேண்டாம்.

இனி பாதிரிமார்களுக்கு வருகிறேன். இந்தத் தொடரில் அவர்களை இதுவரை தொடாததற்குக் காரணம், அவர்களைத் தொட்டால் உடனே ஒரு சண்டை வரும் என்பதுதான். கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள் என்பார் ஒருவர். கஞ்சி ஊற்றியதாவது அவர்கள்தானே என்பார் இன்னொருவர். இரண்டும் பாதி.

தேவிகாபுரத்திலிருந்து கிழக்கே சற்றுத் தூரம்தான் சேத்துப்பட்டு. புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சுக் கத்தோலிக்க மிஷனைச் சேர்ந்த ழான் பிரான்சுவா தாராஸ் 1870களில் அங்கே வந்து தங்கினார். பஞ்ச ஆண்டுகளில் சுற்றுப்பட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். 'வட ஆற்காட்டின் அப்போஸ்தலர்' என்று அவரைக் கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்வது அதை ஒட்டித்தான். ஆரணிப் பக்கம் அமெரிக்க ஆற்காடு மிஷன் இருந்தது. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் 1820 வாக்கில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய டாக்டர் ஜான் ஸ்கடரின் பிள்ளைகள் 1853-இல் தொடங்கியது அது. அவர்களிடமும் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் கூட்டம் சேர்ந்தது.

சேர்ந்தவர்கள் கஞ்சிக்காகச் சேர்ந்தார்களா? சிலர் அப்படித்தான் சேர்ந்திருப்பார்கள். மழை பெய்தவுடன் திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் 'கஞ்சிக் கிறிஸ்தவன்' என்று ஏளனம் செய்கிறவர், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் உரிமை இல்லாத ஒருவனுக்கு அந்தக் கஞ்சியோடு வேறு என்னவெல்லாம் கிடைத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தன் பெயரை ஒருவர் ஏட்டில் எழுதிக்கொண்டார். தன் வீட்டுத் திண்ணையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்தார். பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க ஒருவர் வந்தார். பசி ஒரு வருடம். மற்றவை எல்லாம் ஆயிரம் வருடம்.

மிஷனரிகளுக்கும் இந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆந்திரத்து ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்டு பாதிரியார் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, ஒடுக்கப்பட்ட மாதிகா மக்களுக்கு அங்கே வேலை கொடுத்தார். பசி தீரும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்தியும் வைத்தார். நிவாரணம் முடிந்தபின் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். உதவியையும் மதத்தையும் பிரித்து வைக்க அவர் செய்த முயற்சி அது. பிரிந்ததா என்பதை அந்தக் கூட்டமே சொல்லும்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1867-இல், தென்னாற்காட்டு வடலூரில் வள்ளலார் ஓர் அடுப்பு மூட்டினார். சாதி கேட்காமல், சமயம் கேட்காமல் சோறு. பேரேடு கிடையாது. இப்போதும் அந்த அடுப்பு அணையவில்லை. உதவி என்றாலே கப்பலில் வந்தது என்று எண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தில் கிறிஸ்தவர்கள் செய்ததும் வள்ளலார் அடுப்பு செய்ததும் ஒரே வகை வேலைதான்: வாய்க்குச் சோறு. வாயிலிருந்து கைக்கு இந்த உதவி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிற வரலாறு. அது நடந்ததும் நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயேதான்.

அந்தப் பஞ்சத்தில் ஜான் ஸ்கடரின் பேத்திக்கு ஆறேழு வயது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா. ரொட்டி கொடுத்தால் அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லாத பிள்ளைகள் மிஷன் வீட்டு முன் கிடந்தார்கள். சிறுமி ஐடா பிட்டுப் பிட்டு அவர்கள் வாயில் வைத்தாள். அந்தக் காட்சியே அவளை இந்த நாட்டை விட்டு ஓடச் செய்தது. வளர்ந்ததும் அமெரிக்காவிலேயே தங்கிவிடுவதாக முடிவு கட்டியிருந்தார். தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டிய கதை வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை டாக்டர். அவர் வருவதாகச் சொன்னார். மூவரும் மறுத்தார்கள், காலைக்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

இந்தக் கதையை மதத்தின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது கையின் கதையாகப் படுகிறது. அன்று அந்த வீட்டில் மருத்துவம் இருந்தது, மருந்து இருந்தது, இரக்கமும் இருந்தது. பெண்ணின் கை இல்லை. இன்னும் பத்து மூட்டை அரிசியோ ஒரு கப்பல் மருந்தோ வந்தாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது. ஐடா படிக்கப் போனார். 1899-இல் கார்னெலில் பட்டம் வாங்கினார், 1900 ஜனவரியில் திரும்பி வந்தார். வேலூரில் அப்பா வீட்டின் ஒரு சின்ன அறையில் ஒரு கட்டிலோடு தொடங்கியது 1902-இல் 40 படுக்கை கொண்ட பெண்கள் மருத்துவமனை ஆயிற்று. 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தன் இரண்டு கை போதாது, இங்கேயே பிறந்த பெண்களின் கைகள் வேண்டும் என்று அவர் கண்டுகொண்டது அந்த ஆண்டில்தான் முழுமை பெற்றது. குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்ப்பார். அதற்கு 'ரோடு சைடு' என்றே பெயர். குடியாத்தமும் நெசவூர் என்பது இங்கே நினைவிருக்கட்டும்.

தேவிகாபுரத்துக் கனககிரி மலைக்கு ஏறியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். மேலே கனககிரீஸ்வரருக்கு வெந்நீர் அபிஷேகம். கிழங்கு தோண்டிய வேடனின் கருவி லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது, அந்தக் காயத்துக்கு இதமாக வெந்நீர் விடுகிறார்கள் என்று ஊரார் கதை சொல்கிறார்கள். வலிக்குமே என்று சாமிக்கே வெந்நீர் வைக்கிற ஊர். வலி இருந்தால்தான் வைத்தியம் நடக்கும் என்பதை நம்மவர்கள் எப்போதோ கதையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். வலியே இல்லாமல் போனால் என்ன ஆகும்?

தொழுநோய்க்கு உள்ள கொடுமை அதுதான். வட ஆற்காடு அந்நோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் ஒன்று. நோய் வந்தவர் விரல் அழுகி உதிரும் என்று ஊரும் நம்பியது, டாக்டர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் பாதிரியார் வீட்டில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946-இல் ஐடா தொடங்கிய அந்த வேலூர் மருத்துவமனைக்கு வந்தவர். மருத்துவத்துக்கு முன் சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றிருந்தார். அந்தப் படிப்பு வீண்போனதாக அவர் வெகு காலம் வருந்தியதுண்டு.

1947-இல் செங்கல்பட்டு அருகே திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு, அங்கிருந்த டாக்டர் காக்ரேனைப் பார்க்கப் போனார். நோயாளி ஒருவரின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தபோது, அந்தக் கை இவர் கையை இறுக்கிய இறுக்கில் வலித்தது. கொக்கி போல முடங்கிக் கிடக்கிற விரலில் இவ்வளவு பலம் இருக்கிறதென்றால் எல்லாத் தசைகளும் சாகவில்லை என்று அர்த்தம். முழங்கைப் பக்கம் ஓடும் நரம்பு ஒன்று கெட்டு, விரலை நீட்டும் சின்னத் தசைகள் மட்டும் செயலற்றுப் போகின்றன. மடக்கும் தசைகள் அப்படியே இருக்கின்றன. எலும்பு எலும்புதான், தோல் தோல்தான். அப்படியானால் நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றி, கெட்டதன் வேலையை அதற்குக் கொடுக்கலாம். 1948-இல் வேலூரில் முதல் அறுவை நடந்தது. தொழுநோயாளி உள்ளே வந்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் கிறிஸ்தவ மருத்துவமனைக்கும் இருந்தது. ஏசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று ஞாயிறுதோறும் வாசிக்கிறவர்கள்தான். ஆனாலும் பயம் பயம்தான்.

பாவு பிணைப்பவருக்கு இந்த அறுவை எளிதில் புரியும். அறுந்த இழையோடு வேறோர் இழைத் துண்டை எடுத்துப் பிணைப்பதுபோல, மோதிர விரலை மடக்கும் இரண்டு நார்களில் ஒன்றைப் பிரித்து, நான்காகக் கீறி, நான்கு விரலுக்கும் கட்டிவிட்டார்கள். கட்டியதோடு முடிவதில்லை. முன்பு மடக்கிய நார் இப்போது நீட்ட வேண்டும் என்று மூளைக்குச் சொல்லிக் கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி.

விரல்கள் ஏன் தேய்கின்றன என்பதையும் பிராண்டு துப்பறிவாளர்போலத் தேடினார். அடுப்பில் சுட்டுக்கொள்கிறார்கள், தெரிவதில்லை. துருப்பிடித்த பூட்டைத் திருகுகிறார்கள். சாவி சதையைக் கிழிப்பது தெரிவதில்லை. இரவில் தூங்கிய பின் எலி கடிக்கிறது. விரலைத் தின்றது நோயல்ல, எலி! மருந்துச் சீட்டோடு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். மருத்துவ வரலாற்றில் நான் படித்தவற்றிலேயே இதைவிட நேரான மருந்துச் சீட்டு இல்லை.

அதன் பிறகுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. விரல் நீட்டி மடக்கும்படி சரியாகி ஊருக்குப் போன ஒருவர் சோர்ந்து திரும்பி வந்தார். இந்தக் கை பிச்சைக்கு உதவாது என்பது அவர் குறை. முடங்கிய கையை நீட்டியபோது காசு விழுந்தது. நல்ல கையை நீட்டினால் உழைத்துச் சாப்பிடு என்கிறார்கள். உழைக்கலாம் என்றால், முகத்தில் வடு இருப்பவருக்கு வேலையும் தரமாட்டார்கள், குடியிருக்க வீடும் தரமாட்டார்கள். இந்தச் சம்பவத்தைப் பிராண்டு பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். தன் அறுவைத் திறமைக்குக் கிடைத்த அடியாகவே அதை எடுத்துக்கொண்டார் என்று தெரிகிறது.

டெம்பிள் காலத்து முகாமில் உயிர் மிஞ்சியது, தொழில் போயிற்று. இங்கே கை மிஞ்சியது, பிழைப்பு போயிற்று. எழுபது வருட இடைவெளியில் ஒரே தவறு தலைகீழாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் இம்முறை தவறைச் சொல்ல நோயாளியே திரும்பி வந்தார், கேட்கிறவரும் கேட்டார். வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் சில குடிசைகள் எழுந்தன. புதுவாழ்வு நிலையம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அங்கே மரப் பொம்மை செய்யவும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தவர் பிராண்டே. வீண் என்று அவர் நினைத்திருந்த உளியும் வாளும் அப்போது வெளியே வந்தன. மரத்துப்போன கை புண்படாமல் இருக்க எந்தக் கருவிக்கு எவ்வளவு தடித்த கைப்பிடி வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். காலுக்கு மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பு வந்தது.

1955-இல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது. மரம் இல்லாத வறண்ட பொட்டல். பின்னாளில் அங்கே பொறுப்பேற்ற டாக்டர் எர்னஸ்ட் பிரிட்சி மரம் மரமாக நட்டு அதைத் தோப்பாக்கினார். நம் சேத்துப்பட்டில், தாராஸ் பாதிரியார் கஞ்சி ஊற்றிய அதே ஊரில், தூய தோமா மருத்துவமனை தொழுநோய்க்கென்றே ஜெர்மானிய உதவியோடு எழுந்தது. மருந்தும் மாறியது. முதலில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றி, வலியில் துடிக்க வைத்த வைத்தியம்தான் இருந்தது. பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது, 1982-இல் கூட்டு மருந்து வந்தது. கை முடங்குவதற்கு முன்பே நோயைப் பிடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. பிடிக்க வேண்டுமானால் ஆளைத் தேடிப் போக வேண்டும். மறைப்பவர்கள் தாங்களாக வரமாட்டார்கள்.

கரிகிரி ஊழியர்கள் குடியாத்தம் வட்டத்தைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். சைக்கிளில் போய், தறிக் குழிக்கு மேல் குனிந்து, நெய்துகொண்டிருப்பவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்வார்கள். சட்டையைக் கழற்றி முதுகைப் பார்ப்பார்கள், முழங்கை நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஓர் இறகாலோ பஞ்சுத் திரியாலோ புறங்கையில் லேசாகத் தொடுவார்கள். தொட்ட இடத்தை ஆள்காட்டி விரலால் காட்ட வேண்டும். நெசவாளி கண்ணை மூடியபடி காட்டுவார். மறுபடி தொடுவார்கள், மறுபடி காட்டுவார். அடுத்து சுண்டு விரல் பக்கம் தொட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, இன்னும் தொடவில்லையா என்று கேட்பார்.

(தொடரும்)